இறக்கத் தெரியாத மாமா

பெட்டியை மேல வைக்கணுமா? நகருங்கோ, நான் வெச்சுடறேன். அட, நகருங்கோன்னா. ம்ம்... ஆச்சு! பாத்தேளா, ஒரே மூச்சு. ஆனா ஒண்ணு, எழும்பூர்ல இறக்கறப்போ நீங்க ஒரு கை குடுக்கணும். தூக்கறதுல நான் சூரன். இறக்கறதுன்னா மட்டும் எனக்குக் கொஞ்சம் உதறல்.

சிரிக்கறேளே. காரணம் இருக்கு சார். வண்டி போய்ச் சேர அஞ்சு மணி நேரம் ஆகும். கேட்டேள்னா சொல்றேன். கேக்கலைன்னாலும் சொல்லுவேன், அது என் சுபாவம். என் ஆத்துக்காரி ஜானகி மட்டும் இப்போ பக்கத்துல இருந்தா, 'பாவம், அந்த மனுஷர் நிம்மதியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கட்டும், விடுங்கோ'ம்பா. அவ வரலை. அதனால நீங்க தப்பிக்க வழியில்லை.

என் பேர் பஞ்சாபகேசன். எல்லாருக்கும் பஞ்சு. திருச்சியில டெலிபோன் ஆபீஸ்ல முப்பது வருஷம் உக்காந்தேன். பேச்சுக்குச் சொல்லலை, நிஜமாவே உக்காந்துதான் இருந்தேன். ஃபைல் எடுக்கணும்னாகூட நாற்காலியோட உருண்டுண்டே போய் எடுப்பேன். அப்புறம் விருப்ப ஓய்வு குடுத்து அனுப்பிட்டா. வீட்டுக்கு வந்தப்போ அம்பத்தஞ்சு வயசு, எழுபத்தெட்டு கிலோ, அதுல பெரும்பாகம் வயத்துல.

எனக்கு ஒரே அக்கா, கோமதி. அவளுக்கு ஒரே பொண்ணு, சாருலதா. எங்களுக்குக் குழந்தை கிடையாது. அதனால சாரு பாதி நாள் எங்காத்துலதான் வளர்ந்தா. அவ அப்பா, அதாவது எங்க அத்திம்பேர், நல்ல மனுஷர். வாயைத் திறந்தா அது கொட்டாவி விடத்தான். ஆகக்கூடி அந்தக் குழந்தைக்கு எது எப்படின்னு பாத்துப் பாத்துப் பண்ணினது நான்தான். ஆனா அவ விஷயத்துல நான் தலையிடறவனே இல்லை சார். எந்த ஸ்கூல், எந்த குரூப், எந்த டியூஷன், எந்த பஸ், அவ்வளவுதான் நான் முடிவு பண்ணினது.

பிளஸ் டூல நல்ல மார்க் வாங்கினா. இன்ஜினீயரிங் சேத்துடலாம்னு நான் நாலு காலேஜுக்கு அலைஞ்சு விசாரிச்சு வெச்சிருக்கேன். இவ வந்து பிசியோதெரபி படிக்கறேங்கறா. எனக்கு வந்ததே கோவம்! 'அது ஒரு படிப்பா? டாக்டரும் இல்லாம, நர்ஸும் இல்லாம, நடுவுல ஒரு உத்தியோகம்'னு அவ சிநேகிதிகள் அத்தனை பேரும் இருக்கறச்சே கேட்டுட்டேன். அவ நேரா போய் அதுலயே சேர்ந்துட்டா. அதுக்கப்புறம் எங்காத்துக்கு வரதைக் குறைச்சுண்டா. வந்தாலும், 'எப்படி இருக்கே மாமா?' 'நன்னாயிருக்கேன்.' தீர்ந்தது பேச்சு. எட்டு வருஷம் இப்படி.

அவளா வந்து பேசட்டும்னு நான் இருந்தேன். எனக்கு அதனால ஒண்ணும் இல்லை. ராத்திரி தூங்காமப் புரண்டேன்னு ஜானகி சொல்லுவா. அது அஜீரணம்.

சரி, உங்ககிட்ட என்ன மறைக்கறது, இனிமே எங்க பாக்கப் போறோம்? ஏக்கமாத்தான் இருந்தது. வாசல்ல ஸ்கூட்டி சத்தம் கேட்டா அவதானோன்னு எட்டிப் பாப்பேன். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமான உடனே எனக்குத் தோணினது இதுதான்: மாலை மாத்தறப்போ தோள்ல ஏத்திண்டுட்டா எல்லாம் பழையபடி ஆயிடும்.

எங்க கல்யாணத்துல மாலை மாத்தறது பாத்திருப்பேளே? பொண்ணை அவ மாமா தோள்ல தூக்கிக்கணும், பிள்ளையை அவன் மாமா தூக்கிக்கணும். மேல உக்காந்தபடியே ரெண்டு பேரும் மூணு தடவை மாலை மாத்திக்கணும். அந்தப் பக்கத்துலேர்ந்து மாலை வரச்சே இந்தப் பக்கத்து மாமா சட்டுனு பின்னாடி நகர்ந்து டபாய்க்கணும். ஒரே சிரிப்பும் ஆரவாரமுமா இருக்கும். கல்யாணத்துல மாமாங்கறவனுக்கு வேற என்ன மரியாதை இருக்கு, சொல்லுங்கோ? சமையல்காராளோட மல்லுக்கட்டறது, தொலைஞ்சு போன செருப்பைத் தேடறது, இதுதான் அவன் உத்தியோகம். இந்தப் பத்து நிமிஷம் மட்டும்தான் அவன் ராஜா.

நிச்சயதார்த்தத்துல பிள்ளையோட மாமாவைப் பாத்தேன். ராமசேஷன்னு பேர், பாலக்காட்டுக்காரர். ஆறடி உசரம், கதவு அகலம். காப்பி குடிச்சுண்டே மெதுவா என்கிட்ட வந்து சொல்றார்: 'நமக்கெல்லாம் வயசாச்சு சார். ரெண்டு நாற்காலி போட்டுக் குழந்தைகளை அதுல ஏத்தி நிக்க வெச்சா போறுமே? முதுகைப் பாத்துக்கணுமில்லையா.'

யார் முதுகை? என் முதுகைத்தானே! மனுஷர் என் தொப்பையைப் பாத்துண்டே சொல்றார் சார். எனக்கு சுரீர்னுது. அது போறாதுன்னு சாரு வேற, 'ஆமா மாமா, நாற்காலியே போறும். நீ சிரமப்படாதே'ங்கறா. எட்டு வருஷத்துல அவ என்கிட்ட பேசின மிக நீளமான வாக்கியம் அதுதான். நீ வேண்டாம்னு சொல்ற மாதிரிதானே இருக்கு? உடனே எழுந்து நின்னு சபையில அடிச்சு விட்டேன்: 'என் மருமாளை நான்தான் தூக்குவேன். ஒருத்தரும் கிட்ட வரப்படாது. ஒரு கை என் மேல பட்டாலும் நான் கல்யாணத்துக்கு வந்த மாமா இல்லை!'

வாயைக் குடுத்து மாட்டிண்டேன். கல்யாணத்துக்கு நாலு மாசம். மறுநாளே தெருக்கோடி ஜிம்முக்குப் போனேன்.

கோச் பேர் ஆரோக்கியராஜ். தங்கமான மனுஷன். விஷயத்தைச் சொன்னேன். 'பொண்ணு எத்தனை கிலோ சார்?'ன்னான். 'அறுபது'ன்னேன். என்னை மேலேர்ந்து கீழ வரைக்கும் பாத்துட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். 'கையை ஊணாம உக்காந்து எந்திரிங்க.' இதென்ன பிரமாதம், முப்பது வருஷ அனுபவம் இருக்கேன்னு உக்காந்தேன். உக்காந்தேன்னா தொபுக்கடீர்னு விழுந்தேன். எழுந்தேன். ஒம்பது தடவை. பத்தாவது தடவை எழுந்துக்கவே இல்லை.

'சார், உங்களுக்குக் காலுதான் மொத வேலை'ன்னான். 'ஒடம்புல பெரிய பெரிய தசையெல்லாம் இடுப்புக்குக் கீழதான் இருக்கு. பாரத்தைத் தூக்குறது கை இல்ல சார், தொடையும் பின்பக்கமும்.' நான் ஒத்துக்கலை. தோள்ல தூக்கப் போறவனுக்குத் தோள்தானே முக்கியம்? அவன் அந்தண்ட நகர்ந்ததும் நான் கண்ணாடிக்கு முன்னாடி போய் நின்னுண்டு புஜத்துக்கு ஒரு மணி நேரம் பண்ணினேன். முதல் நாளே ஒரு மணி நேரம்! கண்ணாடியில பாத்தா ஏதோ புடைச்ச மாதிரிகூட இருந்தது.

அன்னிக்கு ஒண்ணும் தெரியலை. மறுநாள் கொஞ்சம் தெரிஞ்சது. அதுக்கு மறுநாள் சார், பல் தேய்க்கக் கை வாய்க்கு வரலை. வாயைக் கைகிட்ட கொண்டு போனேன். சந்தியாவந்தனத்துல மூக்கைப் பிடிக்கணும், மூக்கு எட்டலை. அப்படியே குனிஞ்சு உக்காந்திருக்கேன். ஜானகி வந்து பாத்துட்டு, 'இன்னிக்கு பக்தி ஜாஸ்தியா இருக்கே'ன்னா. ஜிம்முக்குப் போய்ச் சொன்னா கோச் சிரிக்கறான். 'புது வேலை குடுத்தா தசை நார் லேசா கிழியும் சார். ரெண்டாம் நாள்தான் வலி உச்சத்துக்குப் போகும். அத ஒடம்பு சரி பண்றப்பத்தான் பலம் வரும். அதுக்குத்தான் லீவு விடணும், நல்லாத் தூங்கணும். ஜிம்முல யாருக்கும் தசை வளராது சார், ஓய்வுலதான் வளரும்.' நான் லீவு விடலை. ஞாயித்துக்கிழமை ஜிம் பூட்டியிருந்தா வாசப்படியில நின்னு கையை மடக்கி நீட்டிட்டு வருவேன்.

மூணு வாரத்துல பத்து கிலோ தூக்கினவன் பதினஞ்சு தூக்கினேன். எனக்குத் தலைகால் புரியலை. ஜானகியோட டெய்லர் டேப்பை எடுத்து புஜத்தை அளந்தேன். நூலளவுகூட ஏறலை. கேட்டா கோச் சொல்றான், 'தசை இன்னும் வளரல சார். உங்க மூளைதான் கத்துக்கிட்டிருக்கு. எந்தத் தசையை எப்ப இழுக்கணும்னு இப்பத்தான் அதுக்குப் புடிபடுது.' ஆத்துக்கு வந்து, 'என் மூளை வளர்ந்திருக்காம்'னு பெருமையாச் சொன்னேன். ஜானகி, 'எங்கே?'ன்னா.

முட்டை சாப்பிடுங்கன்னு அவன் சொன்னதை மட்டும் ஜானகிகிட்ட சொல்லியிருக்கப்படாது. 'அந்த ஜிம்லயே தனிக்குடித்தனம் வெச்சுக்கோங்கோ'ன்னுட்டா. ஆனா மறுநாளே கொண்டைக்கடலை ஊறப் போட்டா. அப்புறம் பச்சைப்பயறு, மொச்சை, காராமணி. நாலு மாசமும் எங்காத்துல நவராத்திரிதான், கொலு மட்டும் இல்லை.

இதுக்கு நடுவுல நான் ஒரு காரியம் பண்ணினேன். சாருவுக்கு போன் பண்ணினேன். 'எனக்கு ஒரு சிநேகிதர், உனக்குத் தெரியாது, இந்த வயசுல எக்சர்சைஸ் பண்றார். அவருக்கு ஒரு சந்தேகம்'னு ஆரம்பிச்சேன். 'சிநேகிதரா?'ன்னு ஒரு தரம் கேட்டா. அப்புறம், 'கேளு மாமா'ன்னா.

'புஜம் நன்னா வளர்ந்தா பாரத்தை மேல தள்ளலாமோல்லியோ?'

'தசைக்குத் தள்ளவே தெரியாது மாமா. இழுக்கத்தான் தெரியும். கை முன்பக்கம் இருக்கறது சுருங்கினா கை மடங்கும். பின்பக்கம் இருக்கறது சுருங்கினா கை நீளும். நாம தள்றோம்னு நினைச்சுக்கறோம், அப்பவும் எங்கேயோ ஒண்ணு இழுத்துண்டுதான் இருக்கு. அதனால உன் சிநேகிதரை ஒரு பக்கத்துக்கு மட்டும் பண்ண வேண்டாம்னு சொல்லு. ரெண்டு பக்கமும் பண்ணணும். முக்கியமா காலுக்கு.'

எட்டு வருஷத்துக்கு அப்புறம் சார்! எனக்கு அவ சொன்னது பாதி காதுல ஏறலை. குரல் மட்டும்தான் கேட்டுண்டிருந்தது. அதுலேர்ந்து வாரா வாரம் என் சிநேகிதருக்கு ஒரு சந்தேகம் வரும். அவளும் பொறுமையாச் சொல்லுவா. 'மூச்சை அடக்கிண்டு தூக்கப்படாது', 'உடம்பு பழகின பாரத்துக்கு அப்புறம் வளராது, கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும்', இப்படி. கடைசியா ஒரு நாள், 'அவரைத் தூக்கறதைவிட இறக்கிப் பழகச் சொல்லு மாமா'ன்னா. சரி சரின்னேன்.

ஆத்துல நான் அரிசி மூட்டையோட பழகிண்டிருந்தேன். இருபத்தஞ்சு கிலோ மூட்டையை டைனிங் டேபிள் மேல வெச்சு, கீழ தோளைக் குடுத்து ஒரு எம்பு, நிமிர்ந்துடுவேன். ஹால்ல மூணு சுத்து. வாரம் ரெண்டரை கிலோ ஏத்தினேன். துவரம்பருப்பு, பழைய பஞ்சாங்கம், கல்லுரல் குழவி, எல்லாம் மூட்டைக்குள்ள போச்சு. கடைசி வாரம் அறுபத்தஞ்சு கிலோ. புடவை, நகை, மாலைக்கெல்லாம் சேத்துத்தான். சுத்தி முடிச்சதும் மெத்தை மேல பொத்துனு போட்டுடுவேன். கீழாத்துக்காரா ரெண்டு தடவை மேல ஏறி வந்து கேட்டுட்டா, யாராவது விழுந்துட்டேளான்னு.

கோச்சுக்கு இது தெரிஞ்சப்போ தலையில அடிச்சுண்டான். 'சார், போடாதீங்க சார். மூணு எண்ணித் தூக்குனா அஞ்சு எண்ணி எறக்கணும். எறக்குறதுதான் சார் பாதிப் பயிற்சி.' நான் கேட்டேன், 'ஏம்ப்பா, கீழ போறதுக்கு பூமியே இழுக்கறது. அதுக்கு நான் எதுக்குப் பாடுபடணும்?' பாவம், அவனுக்குப் பதில் சொல்லத் தெரியலைன்னு நினைச்சுண்டேன்.

கல்யாண நாள் வந்தது. காலம்பர எட்டு மணி, மண்டபம் நிறைய ஜனம். நான் பனியன் போட்டுக்கலை, அங்கவஸ்திரத்தை இடுப்புல கட்டிண்டு புஜம் தெரியற மாதிரி நின்னேன். சாரு அரக்குப் பட்டுல வந்தா. கழுத்துல மாலை. ஒரு ஸ்டூல் மேல ஏறி நின்னா. என் காதுகிட்ட குனிஞ்சு, 'மாமா, வேண்டாமே'ன்னா. 'பேசாம உக்காருடி'ன்னேன். தோளைக் குடுத்தேன். ஒரு எம்பு.

தூக்கிட்டேன் சார்! அப்படியே பூ மாதிரி வந்தா. நாதஸ்வரம் கொட்டி முழக்கறான், மாமிகள்ளாம் பாட ஆரம்பிச்சுட்டா. ஜானகி மூக்கு மேல விரலை வெச்சுண்டு நிக்கறா. முப்பது வருஷ தாம்பத்தியத்துல அவ என்னைப் பாத்து ஆச்சரியப்பட்டது அந்த ஒரு தடவைதான். எதிர்ல ராமசேஷன் பிள்ளையைத் தூக்கிண்டு நிக்கறார், ஆனா ரெண்டு பக்கமும் ரெண்டு ஆள் தாங்கிண்டிருக்கா. நான் தனியா! முதல் மாலை வந்தது, பின்னாடி துள்ளினேன். இந்தப் பக்கம் வந்தது, அந்தப் பக்கம் துள்ளினேன். பிள்ளை நிகில் பாவம், கையை நீட்டி நீட்டி அலுத்துப் போயிட்டான். ரெண்டு தடவை மாலை மாத்தியாச்சு. ராமசேஷனுக்கு முடியலை. ரெண்டு பேருமாப் பிள்ளையைக் கீழ இறக்கி விட்டா. சாஸ்திரிகள், 'மூணாவதைக் கீழ நின்னே மாத்திக்கட்டும். பொண்ணை இறக்குங்கோ'ன்னார்.

இறக்கணும்.

ஸ்டூலைப் பாக்கறேன், அது மேல வீடியோக்காரன் ஏறி நின்னுண்டு என்னையே படம் எடுத்துண்டிருக்கான். சரி, முழங்காலை மடக்கி இறக்கிடலாம்னு கொஞ்சம் மடக்கினேன். கிடுகிடுன்னு நடுங்கறது சார், ரெண்டு தொடையும்! டேபிள் உசரத்துக்குக் கீழ இந்த நாலு மாசத்துல நான் பாரத்தோட போனதே இல்லையே. கண்ணுல பூச்சி பறந்தது. மெத்தையும் இல்லை பொத்துனு போட. போட்டா விழறது மூட்டை இல்லை, என் குழந்தை.

ராமசேஷன், 'இறக்கலாமே சார், நான் வேணா ஒரு கை பிடிக்கறேன்'னு வரார். வந்தாரோல்லியோ, எனக்கு மூக்குக்கு மேல கோவம். 'கிட்ட வராதீங்கோ! இன்னும் ஒரு சுத்து!'ன்னு கத்திட்டேன். ஜனங்கள் ஒரே கைதட்டல். நாதஸ்வரக்காரன் காலத்தைக் கூட்டிட்டான். நான் மண்டபத்தைச் சுத்தறேன். இன்னும் ஒரு சுத்து. சாப்பாட்டுக் கூடத்துக்குள்ள போய், இலை போட்டுண்டிருந்தவாளை எல்லாம் தாண்டி, அடுக்களை வாசல் வரைக்கும் போய்த் திரும்பறேன். சமையல்காரர் கரண்டியும் கையுமா வெளியில வந்து கும்பிடறார். நிறுத்தினா இறக்கணுமே, அதான் சார் நடந்துண்டே இருக்கேன்.

தலைக்கு மேலேர்ந்து சாரு மெதுவாக் கேட்டா. 'மாமா, உனக்கு இறக்க வரலை, இல்லையா?'

நான் இன்னும் வேகமா நடந்தேன்.

'மூச்சை அடக்கிண்டிருக்கே. முதல்ல அதை விடு. உன் கால் நடுங்கறது எனக்கு இங்கே வரைக்கும் தெரியறது. யாரையாவது கூப்பிடட்டுமா?'

'வேண்டாம்டி. மானம் போயிடும்.'

'சரி, அப்போ நான் சொல்றதைக் கேளு. ஜன்மத்துல ஒரே ஒரு தடவை.'

எனக்கு அழுகை வந்துடுத்து. 'பயமா இருக்குடி கண்ணா. உன்னைக் கீழ போட்டுடுவேன்'ன்னேன். நிஜம் சார். அந்த ஊர்வலம் மொத்தமும் நான் அதை மட்டும்தான் நினைச்சுண்டு நடந்தேன். அவ கல்யாணத்தன்னிக்கு அவ இடுப்பை ஒடிக்கப் போறேன், இனி ஜன்மத்துக்கும் என் மூஞ்சியில முழிக்க மாட்டா.

'போட மாட்டே'ன்னா. 'தசைக்குத் தூக்கறதைவிட இறக்கறதுக்குத்தான் பலம் ஜாஸ்தி மாமா. நீண்டுண்டே தாங்கும். உன்கிட்டயும் இருக்கு அது. பழக்கம்தான் இல்லை. அதோ அந்தத் தூண்கிட்ட போ. முதுகை நன்னா சாச்சுக்கோ. காலை ஒரு அடி முன்னாடி வை. ரெண்டு முட்டியும் பாதத்துக்கு நேரா இருக்கட்டும். இப்போ நாற்காலியில உக்கார்ற மாதிரி, மெதுவா. நான் எண்ணறேன். அவசரப்பட்டே, கோச்சுண்டுடுவேன்.'

அஞ்சுன்னா. பட்டு வேஷ்டி தூண்ல சர்ருன்னு வழுக்கித்து. 'நில்லு. மூச்சு விடு.' விட்டேன். நாலுன்னா. தொடை ரெண்டும் நெருப்பா எரியறது. மூணு. 'நன்னாப் பண்றே மாமா.' என்னை யாரும் அப்படிச் சொல்லி எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? ரெண்டு. ஜானகி தூரத்துல கையைக் கூப்பிண்டு நிக்கறது தெரிஞ்சது. ஒண்ணுன்னு அவ சொல்லி முடிக்கறதுக்குள்ள அவ கால் தரையில பட்டுடுத்து. அழகா எழுந்து நின்னு புடவையைச் சரி பண்ணிண்டா. நான் அப்படியே தூணோரமாத் தரையில உக்காந்துட்டேன். சபை மொத்தமும் ஏதோ வித்தை காட்டினேன்னு நினைச்சுண்டு விசில் அடிக்கறது.

அதோட விட்டுதா? எழுந்துக்கலாம்னு காலை நகத்தினேன் பாருங்கோ, வலது கெண்டைக்கால் சுருட்டிப் பிடிச்சுது. 'ஐயோ!'ன்னு நான் போட்ட சத்தத்துல நாதஸ்வரம் நின்னு போச்சு.

சாரு அந்தப் பட்டுப் புடவையோட தரையில உக்காந்துட்டா. என் காலை இழுத்து மடியில வெச்சுண்டு, முட்டியை நீட்டி, பாதத்தைப் பிடிச்சு என் பக்கமா மடக்கினா. எல்லாரும் பாக்கறா. நானூறு பேர். சாஸ்திரிகள், 'முகூர்த்தம் போறதே அம்மா'ங்கறார். இவ திரும்பிக்கூடப் பாக்காம, 'சுருங்கின தசை இருக்கு, அது விடறப்போதான் விடும். ரெண்டு நிமிஷம் இருங்கோ'ன்னா. அவ குரலைக் கேட்டேளானா! எங்க அத்திம்பேர்கூடக் கொட்டாவி விடலை. ஒரு பெரிய டாக்டர் மாதிரி... இல்லை, மாதிரி என்ன, அவ வேலையில அவ பெரியவதான். அது எனக்கு அன்னிக்குத் தரையில உக்காந்துண்டுதான் புரிஞ்சது.

'சாரு, அன்னிக்கு உன் சிநேகிதிகள் முன்னாடி நான் அப்படிச் சொல்லியிருக்கப்படாதுடி. தப்புடி, தப்பு'ன்னேன். தேம்பித் தேம்பி அழறேன் சார், அம்பத்தஞ்சு வயசுல.

'காலை இறுக்காதே மாமா. தளர்த்தி விடு'ன்னா. அவ்வளவுதான் சொன்னா. ஆனா அவ கண்ணும் கலங்கித்தான் இருந்தது. அப்புறம் குனிஞ்சுண்டே, 'அந்த சிநேகிதர் நீதான்னு முதல் நாளே தெரியும்'னா. எப்படித்தான் கண்டுபிடிச்சாளோ, நான் குரலைக்கூட மாத்தித்தான் பேசினேன்.

ராமசேஷன் ஒரு சொம்பு ஜலத்தோட வந்து பக்கத்துல உக்காந்தார். வேஷ்டியைச் சித்த விலக்கிக் காட்டினார். இடுப்புல நாலு விரக்கடை அகலத்துக்கு பெல்ட்! 'முதுகுல டிஸ்க் விலகியிருக்கு சார். ரெண்டு வருஷமா. அதான் அன்னிக்கு நாற்காலி போட்டுக்கலாம்னு உங்க காலைப் பிடிக்காத குறையாக் கேட்டேன். நீங்க வீராப்பாப் பேசிட்டேள், என்னால பின்வாங்க முடியலை. நாலு மாசம் தூக்கமே இல்லை எனக்கு'ங்கறார். நான் அந்தச் சொம்பை வாங்கி முகத்துக்கு முன்னாடியே வெச்சுண்டு ரொம்ப நேரம் ஜலம் குடிச்சேன்.

நிகில் வந்தான். என்ன நினைச்சானோ, அவனும் எதிர்ல குந்தி உக்காந்துண்டு, 'இங்கேயே மாத்திக்கலாமா?'ன்னான். சாரு என் பாதத்தைத் தன் முழங்காலால அழுத்திப் பிடிச்சுண்டு, ரெண்டு கையாலயும் மாலையை எடுத்து அவன் கழுத்துல போட்டா. அவன் அவளுக்குப் போட்டான். மூணாவது மாலை. டபாய்க்க மாமா யாரும் எழுந்து நிக்கலை.

அந்த போட்டோவைப் பெரிசா சட்டம் போட்டு அவாத்து ஹால்ல மாட்டியிருக்கா சார். இப்போ அங்கேதான் போயிண்டிருக்கேன். அந்தண்ட மாப்பிள்ளை, இந்தண்ட பொண்ணு, ரெண்டு பேரும் மாலையும் சிரிப்புமா. நடுவுல, சுண்டு விரல் நகம் வரைக்கும் தெளிவா, என் கால். 'ஏண்டி, ஸ்டூடியோக்காரன் எடுத்தது அறுநூறு போட்டோ இருக்கு, இதையா மாட்டுவா? என் மூஞ்சிகூட இதுல விழலையே'ன்னு கேட்டேன்.

'பரவாயில்லை மாமா, நீதான்னு எனக்குத் தெரியுமே'ன்னா.